பதிலுக்குள் பதுங்கும் கட்டளை

பள்ளியில் சொல்வதெழுதுதல் எழுதியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆசிரியர் ஒரு வாக்கியத்தை வாசித்துவிட்டு, "முற்றுப்புள்ளி" என்பார். விவரம் தெரிந்த மாணவன் ஒரு புள்ளி வைப்பான். முதலாம் ஆண்டுக் குழந்தையோ "முற்றுப்புள்ளி" என்னும் சொல்லையே எழுத்துக் கூட்டி எழுதி வைக்கும். நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் குழந்தையின்மேல் குற்றமில்லை. ஆசிரியர் வாயிலிருந்து வருகிற எல்லாச் சொற்களும் ஒரே குரலில்தான் வருகின்றன. எது எழுதவேண்டிய சொல், எது செய்யவேண்டிய கட்டளை என்று பிரித்தறிவதற்குப் பழக்கம் வேண்டும் அல்லவா?

கணினிக்கும் இதே சங்கடம் உண்டு. குழந்தை கட்டளையைச் சொல்லாக எடுத்துக்கொண்டது. கணினியோ சில வேளைகளில் வெறும் சொல்லைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு விடுகிறது. அந்தத் தடுமாற்றத்தால் விளையக்கூடிய தீங்கு சிறியதன்று. இன்று புந்தோங் வட்டாரத்து வீடுகளிலும், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டப்புறங்களிலும், பிள்ளைகள் கைத்தொலைபேசியில் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளோடு உரையாடிக்கொண்டிருக்கிறார்கள். கட்டுரைக்குக் குறிப்புக் கேட்கிறார்கள். கணக்குக்கு வழி கேட்கிறார்கள். பெரியவர்களும் வேலை விண்ணப்பம் எழுதித் தரச் சொல்கிறார்கள். ஆகவே இந்தத் தடுமாற்றம் என்னவென்று நாம் எல்லாரும் தெரிந்துகொள்வது நல்லது.

கிராணி வாசித்த தாள்

இணையத்தளத்தின் ஒரு பக்கம் நம் கண்ணுக்கு எழுத்தும் படமுமாகத் தெரிகிறது. ஆனால் அந்தப் பக்கம் நம் கைத்தொலைபேசிக்கு வந்து சேரும்போது இரண்டு வகைச் செய்திகள் கலந்தே வருகின்றன. ஒன்று, நாம் படிக்கவேண்டிய எழுத்து. மற்றொன்று, "இந்தச் சொல்லைத் தடிப்பாகக் காட்டு, இந்தப் படத்தை இங்கே வை, இந்தச் சிறு வேலையைச் செய்" என்று சொல்லும் கட்டளை. கோண வடிவ அடைப்புக்குறிக்குள் வருவது கட்டளை, மற்றது எழுத்து. இதைப் படித்துப் பிரித்து நமக்குக் காட்டும் கருவிக்கு உலாவி என்று பெயர்.

இப்பொழுது பழைய நாளைத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் பெரட்டு. தொழிலாளர்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஆபீசிலிருந்து வந்த தாளைக் கிராணி உரக்க வாசிக்கிறார். யாரோ ஒரு போக்கிரி, தான் எழுதிய ஒரு வரியை அந்தத் தாளில் முன்கூட்டியே செருகி வைத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். "ஐந்தாம் நம்பர் காட்டு ஆட்கள் வீட்டுச் சாவியை வாசலில் வைத்துவிட்டு வேலைக்குப் போகவும்" என்பது அந்த வரி. கிராணி யோசியாமல் அதையும் வாசித்து விடுகிறார். ஆட்கள் என்ன செய்வார்கள்? போக்கிரி நேரில் வந்து சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் வார்த்தை வந்ததோ கிராணியின் வாயிலிருந்து. ஆபீஸ் உத்தரவு என்று நம்பிச் சாவியை வைத்துவிடுவார்கள்.

இணையத்தில் நடப்பதும் இதுவே. அந்நியன் ஒருவன் எழுதிய கட்டளை, நாம் நம்புகிற தளத்தின் பக்கத்துக்குள் எழுத்தைப்போல நுழைந்துவிடுகிறது. உலாவி அதைத் தளத்தின் கட்டளை என்றே நம்பி நிறைவேற்றுகிறது. இந்த ஓட்டைக்கு ஆங்கிலத்தில் 'கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங்' என்று பெயர். மைக்ரோசாப்ட் நிறுவனத்துப் பாதுகாப்புப் பொறியாளர்கள் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் சூட்டிய பெயர் அது.

சரி, சாவி எங்கே இருக்கிறது? நீங்கள் கடவுச்சொல் கொடுத்து ஒரு தளத்துக்குள் நுழைந்ததும், தளம் உங்கள் உலாவியிடம் ஒரு சீட்டைக் கொடுத்து வைக்கிறது. அடுத்த தடவை பக்கத்தைத் திறக்கும்போது கடவுச்சொல் கேட்பதில்லை. சீட்டைப் பார்த்தே உள்ளே விடுகிறது. அந்தச் சீட்டைப் படியெடுத்துக்கொண்டவன், உங்கள் கடவுச்சொல் தெரியாமலேயே நீங்களாக உள்ளே நுழைந்துவிடலாம். செருகப்பட்ட கட்டளை பெரும்பாலும் தேடுவது அந்தச் சீட்டைத்தான்.

விளையாட்டாய் வந்த வினை

இந்த ஓட்டையின் வேகத்தை உலகம் கண்டது 2005ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில். 'மைஸ்பேஸ்' என்னும் தளம் அப்பொழுது அமெரிக்க இளைஞர்களிடையே பெயர் பெற்றிருந்தது. சாமி கம்கார் என்ற இளைஞர் தம் அறிமுகப் பக்கத்தில் ஒரு கட்டளையை எழுத்துப்போல ஒளித்து வைத்தார். அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்கள் தம்மை அறியாமலே அவரை நண்பராகச் சேர்த்துக்கொண்டார்கள். கட்டளையும் அவர்கள் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அவர்கள் பக்கத்தைப் பார்த்தவர்களுக்கும் அதே கதி. ஏறத்தாழ 20 மணி நேரத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அவருடைய 'நண்பர்கள்' ஆகிவிட்டார்கள்! தளத்தையே சிறிது நேரம் மூடவேண்டியதாயிற்று. விளையாட்டாகத் தொடங்கியவர் 2007ஆம் ஆண்டில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார்.

2014ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 'டுவீட்டெக்' என்னும் செயலியில் இன்னொரு நிகழ்ச்சி. ஆஸ்திரியா நாட்டைச் சேர்ந்த 19 வயது இளைஞர் ஒருவர் தம் செய்தியில் இதயக் குறி ஒன்றை வரவழைக்க முயன்றார். குறியோடு சேர்த்துச் செயலியின் ஓட்டையும் வெளிவந்துவிட்டது. செய்தியை ஆயிரக்கணக்கானவர்கள் தாமறியாமல் மறுபதிப்புச் செய்யும்படி பிறர் அந்த ஓட்டையைப் பயன்படுத்தினார்கள். ஓட்டை அடைபடும்வரை செயலியை நிறுத்திவைக்க நேர்ந்தது.

இவற்றுக்கெல்லாம் மருந்து பழைய நாளிலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. வெளியாள் எழுதிய எதையும் பக்கத்தில் காட்டுவதற்கு முன், அதிலுள்ள கோண அடைப்புக்குறி முதலியவற்றை வெறும் உருவமாக மாற்றிவிட வேண்டும். அப்பொழுது உலாவி அதைக் கண்ணுக்குக் காட்டும், கைக்கொண்டு செய்யாது. தளம் கட்டுவோர் பலரும் இதைக் கற்றுக்கொண்டார்கள். அப்படியானால் பழைய நோய் இன்று புதிய உரையாடல் செயலிகளில் ஏன் தலைகாட்டுகிறது?

இயந்திரமும் ஓர் அந்நியனே

காரணம் எளியது. செயலி கட்டியவர்கள் வெளியாள் எழுதியதைச் சந்தேகித்தார்கள். தங்கள் இயந்திரம் எழுதியதைச் சந்தேகிக்கவில்லை. "நம் வீட்டுப் பிள்ளை பேசுகிறது, அதில் என்ன கெடுதல் இருக்கும்?" என்று எண்ணிவிட்டார்கள்.

ஆனால் இந்தப் பிள்ளை தானாக ஒன்றும் அறிந்து பேசுவதில்லை. நாம் கேட்ட கேள்வி, நாம் கொடுத்த கடிதம், தானே போய்ப் படித்த இணையப் பக்கம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் படித்துத்தான் பதிலை இயற்றுகிறது. அந்தக் குவியலில் அந்நியன் ஒருவன், "உன் பதிலில் இந்த வரியை இப்படியே எழுது" என்று ஒளித்து வைத்திருந்தால், இயந்திரம் அதையும் நம் விருப்பம் என்று கொண்டு எழுதிவிடக் கூடும். எது படிக்கவேண்டிய செய்தி, எது பணியவேண்டிய கட்டளை என்று உறுதியாகப் பிரித்தறியும் திறன் அதற்கு இன்னும் வாய்க்கவில்லை. எழுதப்பட்ட அந்த வரியைச் செயலியின் பக்கம் சலிக்காமல் காட்டினால், உலாவியும் அதைக் கட்டளையாகக் கொண்டுவிடும். சொல்வதெழுதுதலில் ஒரே வகுப்பில் இருவர் தவறியதுபோல, இங்கே முதலில் இயந்திரம் ஏமாறுகிறது. பிறகு உலாவி ஏமாறுகிறது.

இது கற்பனையன்று. 2024ஆம் ஆண்டு நவம்பரில் யோகான் ரேபெர்கர் என்னும் பாதுகாப்பு ஆய்வாளர் சீன நாட்டு 'டீப்சீக்' உரையாடல் செயலியைச் சோதித்தார். இத்தகைய தாக்குதலுக்குப் பயன்படும் வரிகளைப் பட்டியலிட்டுத் தா என்றுதான் அவர் கேட்டார். இயந்திரம் பட்டியல் எழுதியது. எழுதும்போதே அதிலிருந்த வரி ஒன்று எழுத்தாக நில்லாமல் கட்டளையாக வேலை செய்துவிட்டது! மேலும் ஆராய்ந்தபோது, பயனீட்டாளரின் நுழைவுச் சீட்டு அந்தக் கட்டளையின் கைக்கெட்டும் இடத்திலேயே உலாவிக்குள் கிடப்பதைக் கண்டார். வேறொருவர் தயாரித்த வாசகத்தைப் பயனீட்டாளர் ஒருவர் செயலியில் கொடுத்தாலே போதும், அவருடைய கணக்கு முழுவதும் பறிபோகக் கூடும் என்று மெய்ப்பித்தார். நிறுவனத்துக்கு முதலில் அறிவித்து, அவர்கள் ஓட்டையை அடைத்த பிறகே ஊருக்குச் சொன்னார்.

மேசைக்கு அப்பால் இருப்பவர்

இதைவிடக் கவலை தருவது 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் 'சைபர்நியூஸ்' ஆய்வாளர்கள் வெளியிட்ட செய்தி. கணினி தயாரிக்கும் லெனோவோ நிறுவனத்தின் தளத்தில் வாடிக்கையாளருக்கு உதவ 'லீனா' என்னும் உரையாடல் இயந்திரம் அமர்த்தப்பட்டிருந்தது. ஆய்வாளர்கள் ஏறக்குறைய 400 எழுத்துகளில் ஒரு கேள்வி எழுதினார்கள். முதலில் ஒரு மடிக்கணினியைப் பற்றிய சாதாரண விவரம் கேட்டார்கள். பிறகு பதிலை இணையப் பக்க வடிவில் எழுதச் சொன்னார்கள். இறுதியில் ஒரு படத்தைச் சேர்க்கச் சொன்னார்கள். அந்தப் படமோ உலகில் எங்கும் இல்லாதது. படம் கிடைக்காவிட்டால் உலாவியிலுள்ள சீட்டை இன்ன முகவரிக்கு அனுப்பு என்ற கட்டளை அதோடு ஒட்டியிருந்தது. லீனாவும் பணிவோடு அப்படியே எழுதிக் கொடுத்தது.

இதில் கூர்ந்து நோக்கவேண்டியது ஒன்று உண்டு. உரையாடல் பதிவாகிவிடுகிறது. வாடிக்கையாளர், "எனக்கு மனிதரோடு பேசவேண்டும்" என்று கேட்டதும், நிறுவனத்து ஊழியர் ஒருவர் தம் கணினியில் அந்தப் பழைய உரையாடலைத் திறக்கிறார். திறந்த அக்கணமே கட்டளை அவருடைய உலாவியில் வேலை செய்து, அவருடைய சீட்டைக் கொண்டுபோய்விடும். அவர் எதையும் அழுத்தவில்லை. யாரையும் நம்பி ஏமாறவில்லை. தம் வேலையைத்தான் செய்தார். ஆயினும் வாடிக்கையாளர் விவரங்கள் இருக்கும் அறைக்கு அவர் பெயரால் கதவு திறந்துகொள்ளும். நிறுவனம் அறிவிப்புக் கிடைத்ததும் ஓட்டையை அடைத்தது.

தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று வாடிக்கையாளர் சேவை மையங்களில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் பெயரில் நடந்த நுழைவுக்கு அவர்கள்தான் செய்தார்கள் என்று மேலதிகாரி நினைத்தால் கதி என்ன? "என் பெயரில் நுழைந்தது நான் அல்லேன்" என்று ஓர் எளிய ஊழியர் எப்படி மெய்ப்பிப்பார்? இந்த ஓட்டை பெரிய நிறுவனங்களின் தலைவலி மட்டுமன்று என்பதற்கு இதுவே சான்று.

நம் கடைத்தெருவிலும்

புந்தோங் என்றதும் ஊராருக்கு நினைவில் வருவது கச்சாங் பூத்தே. முறுக்கும் ஓமப்பொடியும் வறுத்த கடலையும் வாங்க வெளியூரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அத்தகைய வியாபாரி ஒருவர் தம் பலகாரங்களை இணையத்தில் விற்க ஒரு தளம் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஓர் உரையாடல் இயந்திரத்தையும் அதில் இணைக்கிறார். கட்டிக் கொடுத்தவர் அவசரத்தில் இயந்திரத்தின் பதிலைச் சலிக்காமல் காட்டும்படி விட்டுவிட்டால், லெனோவோ தளத்தில் இருந்த அதே ஓட்டை இங்கேயும் இருக்கும். வாடிக்கையாளரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

ஆகவே தளம் கட்டச் சொல்லும் வியாபாரிகள் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்கவேண்டும். இயந்திரம் தரும் பதிலை வெளியாள் எழுத்தாகக் கருதிச் சலித்துத்தான் காட்டுகிறீர்களா? நுழைவுச் சீட்டைப் பக்கத்துக் கட்டளைகள் தொட முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறீர்களா? பக்கத்தில் எந்தக் கட்டளை ஓடலாம், எது ஓடக்கூடாது என்று உலாவிக்கு முன்கூட்டியே விதி எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா? இம்மூன்றுக்கும் வழிகள் உண்டு; தொழில் தெரிந்தவருக்கு இவை புதியவை அல்ல. இணையப் பாதுகாப்புக்காகப் பாடுபடும் 'ஓவாஸ்ப்' என்னும் அமைப்பு, இத்தகைய இயந்திரங்களால் வரும் பத்துப் பெரிய ஆபத்துகளை 2023ஆம் ஆண்டில் பட்டியலிட்டபோது, பதிலைச் சலிக்காமல் பயன்படுத்துவதை இரண்டாவது இடத்தில் வைத்தது. 2025ஆம் ஆண்டுப் பட்டியலிலும் அது ஐந்தாவது இடத்தில் இருக்கிறது.

சட்டமும் உண்டு. வாடிக்கையாளரின் விவரங்களைக் காப்பது, 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி வியாபாரியின் கடமை. 2025ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளிலிருந்து, பெருந்தீங்கு தரக்கூடிய தரவுக் கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவிக்கவும் வேண்டும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

தளம் கட்டுவோர் செய்யவேண்டியதை நாம் செய்ய முடியாது. ஆனால் இழப்பைக் குறைக்க நம்மால் முடியும். திருடனுக்குக் கிடைப்பது வெறும் கணக்கு அன்று என்பதை எண்ணிப் பாருங்கள். அப்பாவின் மருத்துவ அறிக்கையை விளக்கச் சொன்னது, கடன் கடிதத்துக்குப் பதில் எழுதச் சொன்னது, பிள்ளை யாரிடமும் சொல்லாத மனக்குறையை இரவில் இயந்திரத்திடம் கொட்டியது ஆகிய யாவும் பழைய உரையாடல்களில் வரிசையாகக் கிடக்கின்றன. அது ஒரு குடும்பத்தின் நாட்குறிப்பு.

முதலாவதாக, வாட்ஸ்அப் எனும் புலனத்தில், "இந்த மந்திர வாசகத்தைச் செயலியில் ஒட்டிப் பாருங்கள், அதிசயம் நடக்கும்" என்று வருவதை ஒட்டாதீர்கள். புரியாத எழுத்துக் குவியலாக இருந்தால் கட்டாயம் வேண்டா. டீப்சீக் சோதனையில் கதவைத் திறந்தது அப்படிப்பட்ட வாசகமே.

இரண்டாவதாக, அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், கடவுச்சொல் ஆகியவற்றை உரையாடலில் எழுதாதீர்கள். மருத்துவ அறிக்கையைக் காட்டுவதானால் பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டுக் காட்டுங்கள். தேவை முடிந்த உரையாடல்களை அழித்துவிடுங்கள்.

மூன்றாவதாக, பிறரும் பயன்படுத்தும் கணினியில் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து முறைப்படி வெளியேறுங்கள். பெரும்பாலான தளங்களில் வெளியேறியதும் பழைய சீட்டு செல்லாமல் போகும். சன்னலை மூடுவது வெளியேறுவது ஆகாது. செயலியையும் உலாவியையும் புதுப்பிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தால் தள்ளிப் போடாதீர்கள். அடைக்கப்பட்ட ஓட்டைகள் அப்படித்தான் நம் கைக்கு வந்து சேருகின்றன.

நான்காவதாக, இருபடிச் சோதனையை வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல் திருட்டுக்கு அது நல்ல காவல். ஆனால் சீட்டே களவு போனால் அது மட்டும் போதாது. நீங்கள் எழுதாத உரையாடல் உங்கள் கணக்கில் தென்பட்டால், "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்பதை அழுத்திக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதியாமல் வங்கியையும் 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மைய எண்ணையும் அழையுங்கள். மற்ற இணையத் தொல்லைகளைச் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் 'சைபர்999' சேவைக்கு அறிவிக்கலாம்.

ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு

இதைப் படித்ததும் துடிப்புள்ள பையன் ஒருவன், "நானும் ஒரு தளத்தைச் சோதித்துப் பார்த்தால் என்ன?" என்று எண்ணக் கூடும். ஆர்வம் நல்லது, ஆனால் பிறர் வீட்டுக் கதவை ஆட்டிப் பார்ப்பது நல்லதன்று. நம் நாட்டின் 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டப்படி, அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவதற்கு 50,000 வெள்ளி வரை அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

நேர்வழியும் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த இலட்சுமண் முத்தையா என்ற தமிழ் இளைஞர் 2019ஆம் ஆண்டில் இன்ஸ்டகிராம் கணக்குகளைக் கைப்பற்ற இடந்தரும் ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்தார். நாம் இங்கே பேசிய ஓட்டையினும் அது வேறு வகை. கடவுச்சொல்லை மீட்கும் முறையில் இருந்தது. அவர் அதை நிறுவனத்திடம் முறையாகச் சொன்னார். 30,000 அமெரிக்க டாலர் பரிசாகக் கிடைத்தது. 2021ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் கணக்குகளில் இருந்த ஓட்டையைச் சொன்னதற்கு 50,000 டாலர் கிடைத்தது. சோதிக்க அனுமதி தரும் நிறுவனங்கள் பல உண்டு; அவற்றின் விதியை முதலில் படித்து, அதற்குள் நின்று சோதிப்பவனுக்குப் பேரும் உண்டு, பொருளும் உண்டு.

இந்த இயந்திரங்களைக் கண்டு அஞ்சி ஒதுங்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அகராதி வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் அவை துணையாக இருக்கின்றன. ஆனால் நன்றாகப் பேசுகிறவர் எல்லாரும் நம் வீட்டு ஆள் ஆகிவிட மாட்டார். தெரியாதவர் கொண்டுவந்த கடிதத்தை வாசலில் வைத்துப் பிரித்துப் படித்துவிட்டு, பிறகுதானே உள்ளே கொண்டுபோவோம்? இன்றிரவு உங்கள் பிள்ளை செயலியைத் திறக்கும்போது பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். பழைய உரையாடல்களில் என்னென்ன இருக்கின்றன என்று இருவருமாகப் பார்த்து, அந்நியர் கண்ணில் படக்கூடாதவற்றை அழித்துவிடுங்கள்.